‘பிறகு’ என்னும் பொத்தான்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கணினித் திரையின் வலது மூலையில் அவ்வப்போது ஒரு சின்னப் பெட்டி முளைக்கும். ‘நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளுக்கான ஆதரவு முடிந்துவிட்டது’ என்று சொல்லும். கீழே இரண்டு பொத்தான்கள்: ‘இப்போது மாற்று’, ‘பிறகு’. ஆறு வருடங்களாக நான் ‘பிறகு’வை அழுத்தி வருகிறேன். இந்தப் பத்தியைத் தொடங்குவதற்கு ஒரு நிமிடம் முன்பு கூட அழுத்தினேன்.

நான் எழுதுவது ஒரு பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளில். அதைச் செய்தவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள். எந்த எழுத்து எந்தக் கட்டையில் இருக்கிறது என்பது என் தலைக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அந்த மென்பொருள் ஓட வேண்டுமென்றால் கணினியில் மற்ற எல்லாமும் பழையதாகவே இருக்க வேண்டும். அதே கணினியில்தான் என் அஞ்சல், வங்கி, குடும்பப் படங்கள், இதுவரை எழுதியவை, எழுதாமல் விட்டவை. ஆகவே என் அக்கா செய்த தவறைப் பற்றி வாய் திறக்க எனக்கு அருகதை கிடையாது. இருந்தாலும் திறக்கிறேன். எழுதுகிறவர்களுக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு.

அக்கா என்றால் கூடப் பிறந்த அக்கா. பேச்சுப் பயிற்சியாளர். பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனவர்களுக்கு மறுபடியும் பேசக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. என்னைப் பேசவிடாமல் செய்வது அவள் பொழுதுபோக்கு.

2

முதல் தொடக்கம்: ‘அந்த வியாழக்கிழமைக் காலையில் வானம் இருண்டு...’ வேண்டாம். அன்று யாரும் வானத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாம் தொடக்கம்: ‘எங்கோ ஓர் அறையில், திரையின் வெளிச்சத்தில், ஒருவன் புன்னகைத்தான். அவன் விரல்கள்...’ இந்த ஆளைப் பற்றி ஐந்தாம் பகுதியில் பேசுவோம். அதுவரை புன்னகைத்துக்கொண்டிருக்கட்டும்.

மூன்றாம் தொடக்கம்: ‘ஒரு வாய் இருந்தது.’

இது பரவாயில்லை.

ஒரு வாய் இருந்தது. திரையில், பக்கவாட்டில் பாதியாக வெட்டிவைத்தது போல. உதடு, பல், நாக்கு, அண்ணம் எல்லாம் தெரியும். நீங்கள் ஓர் எழுத்தை அழுத்தினால் அந்த வாய் அசைந்து அதைச் சொல்லிக் காட்டும். நாக்கு எங்கே தொடுகிறது, உதடு எப்போது குவிகிறது என்று மெதுவாக, எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அக்காவின் தோழி ஒருத்தி வரைந்து கொடுத்தது. தோழி பிறகு வேலையை மாற்றி, எண்ணை மாற்றி, எங்கோ போய்விட்டாள். வாய் மட்டும் தங்கிவிட்டது. அதை அக்கா இணையத்தில் ஒரு தளத்தில் வைத்தாள், நோயாளிகள் வீட்டிலிருந்தே பயிற்சி செய்யலாம் என்று. மருத்துவமனையில் எல்லோரும் அதை ‘வாய்’ என்றே சொல்வார்கள். “வாய் வேலை செய்யுதா?” “வாயக் கொஞ்சம் பெருசாக்குங்க.” புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள்.

அந்த வாயை அசைய வைத்தது, இணையத்தைத் திறந்து பார்க்கும் உலாவிக்குள் ஒட்டிக்கொள்ளும் ஒரு துணை மென்பொருள். அதைச் செய்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். புதிய உலாவிகள் அதை வாசற்படியிலேயே தடுத்தன. பழைய உலாவியில் மட்டும் ஓடியது. அக்கா என்ன செய்தாள் என்றால், ஓர் இளஞ்சிவப்புத் தாளில் தன் கையால் எழுதி, படியெடுத்து, ஒவ்வொரு நோயாளியின் வீட்டுக்கும் கொடுத்தாள்:

‘கணினியில் எதையும் புதுப்பிக்க வேண்டாம். என்ன பெட்டி வந்தாலும் பிறகு என்பதை அழுத்தவும்.’

நாற்பத்து மூன்று வீடுகள். நாற்பத்து மூன்று திரைகளின் ஓரத்தில் அந்தத் தாள். கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், ஒரு பயிற்சியாளர், நாற்பத்து மூன்று குடும்பங்களுக்குக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கக் கற்றுக்கொடுத்துவிட்டாள்.

3

நடத்துனர் இங்கே வருகிறார். பேருந்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. சொல்வதெல்லாம் புரியும், திருப்பிச் சொல்லத்தான் வராது. வாயைத் திறந்தால் ‘தா, தா’ மட்டும். நிறுத்தங்களின் பெயர்களை வரிசையாக உரக்கச் சொல்லி ஒரு பேருந்தையே அதட்டிக்கொண்டிருந்த மனிதர், தண்ணீர் வேண்டும் என்பதற்கு டம்ளரைத் தட்ட வேண்டியிருந்தது.

அவர் மனைவியை நாங்கள் சாவியம்மா என்போம். சந்தைக் கட்டடத்தின் வாசலில் ஒரு கூண்டு மாதிரிக் கடையில் மாற்றுச் சாவி வெட்டுகிறவர். (* பாதுகாப்பைப் பற்றிய கதையில் சாவி வெட்டும் பெண்மணியா என்று நீங்கள் உதட்டைச் சுழிப்பது எனக்குத் தெரிகிறது. பழக்கடையாக மாற்றிப் பார்த்தேன். அவர் பேசவே மாட்டேன் என்றார். மறுபடி சாவிக்கடைக்கே அனுப்பிவிட்டேன்.)

முதல் நாள் அக்கா கேட்டாள்: “எந்த வார்த்தையில ஆரம்பிக்கலாம்? பொதுவா வீட்ல உள்ளவங்க பேர்லதான் ஆரம்பிப்போம்.”

“என் பேரா? கல்யாணமான நாள்லேர்ந்து அவரு என் பேரச் சொன்னதே இல்ல டீச்சர். ‘இந்தா’ன்னுதான் கூப்பிடுவாரு” என்றார் சாவியம்மா. “ஆனா ஒரு வார்த்த இருக்கு. ஒரு நாளைக்கு முந்நூறு தடவ சொன்னது. போலாம்.”

எல்லோரும் ஏறியபின் ஓட்டுநருக்குச் சொல்லும் சொல். போலாம். நடத்துனர் பாதி முகத்தால் சிரித்தார். அந்தச் சொல்லையே அக்கா எடுத்துக்கொண்டாள்.

வாய் அதைச் சொல்லிக் காட்டியது. உதடுகள் ஒட்டும். பிரிந்து குவியும். நாக்கின் நுனி மேலே போய் பல்லுக்குப் பின்னால் தொடும். வாய் அகலும். உதடுகள் மறுபடி ஒட்டும். அவ்வளவுதான். சாவியம்மா கடைக்குப் போனபிறகு நடத்துனர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, பழக்கமில்லாத இடது கையால் சுட்டியை நகர்த்தி, தானே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பழகினார். நான்கு மாதத்தில் ‘போ’ வந்துவிட்டது. ‘ல’ மட்டும் வரவில்லை. நாக்கு மேலே ஏற மறுத்தது. அக்கா சொல்வாள், “அண்ணே, பாதி வழி வந்தாச்சு. ஒரே ஒரு நிறுத்தம்தான் பாக்கி.”

4

அந்த வியாழக்கிழமை காலை, வாய் திறப்பதற்குப் பதிலாக ஒரு பெட்டி திறந்தது. ‘இந்தப் பக்கம் சரியாகத் தெரிய இங்கே அழுத்தவும்.’

நடத்துனர் இளஞ்சிவப்புத் தாளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். தாள் சொல்லும் ‘பிறகு’ என்ற பொத்தான் அந்தப் பெட்டியில் இல்லை. ஒரே பொத்தான்தான் இருந்தது. (* இது என் கற்பனை இல்லை. பின்னால் அவரே தாளில் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, திரையைக் காட்டி, கையை விரித்தார். தேடியிருக்கிறார் பாவம்.) அக்காவின் தளத்தில், அக்காவின் வாய் இருக்கும் இடத்தில் வந்த பெட்டி. நம்பினார். இடது கையால் அழுத்தினார்.

மத்தியானம் சாவியம்மா சாப்பிட வந்தபோது திரை முழுக்கச் சிவப்பு. கணினியில் இருந்த கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டிருந்தன. திறக்க வேண்டுமென்றால் பணம் என்று ஓர் அறிவிப்பு. நடத்துனர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இடது கையை மேசையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கணினியில் ஒரு சின்ன வீடியோ இருந்தது. நடத்துனரின் கடைசி வேலை நாளில் சாவியம்மாவே பேருந்தில் ஏறி எடுத்தது. அதில் அவர் படியில் நின்று, வெளியே தலையை நீட்டிப் பார்த்து, ஒரு தட்டுத் தட்டி, ‘போலாம்!’ என்பார். அவர் குரல் வீட்டில் இருந்தது அந்த ஒன்றில் மட்டும். எடுத்த கைப்பேசி கெட்டுப்போய் ஒரு வருடம் ஆகிறது.

மறுநாள் காலை சாவியம்மா கணினிப் பெட்டியைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார், பின்னால் நடத்துனர் தடியூன்றி. விஷயம் புரிந்ததும் அக்கா, மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவரை அழைத்தாள். வருடத்துக்கு ஒருமுறை வந்து ‘இதை மாத்துங்க, அதை மாத்துங்க’ என்று நச்சரிப்பதால் அவருக்கு அங்கே அப்டேட் சார் என்று பெயர். அவர் இரண்டு மணிநேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“திறக்க முடியாதும்மா. பணம் குடுத்தாலும் திறப்பாங்கன்னு சொல்ல முடியாது.”

“எப்படி உள்ள வந்தான்?” என்றார் சாவியம்மா. சத்தம் போடவில்லை. தொழில் சம்பந்தமான கேள்வி மாதிரியே கேட்டார்.

அப்டேட் சார் ஏதேதோ சொன்னார். அதில் ஒரு சொல் கூட யாருக்கும் புரியவில்லை. சாவியம்மாவே கையைக் காட்டி நிறுத்தினார்.

“இருங்க. நான் புரிஞ்சிக்கிட்டது சரியா பாருங்க. ஒரு பூட்டு. எந்தப் பூட்டுலயும் ஏதோ ஒரு ஓட்டை இருக்கும். திருடன் கண்டுபிடிப்பான். கம்பெனிக்காரன் அத அடைச்சி வேற பூட்டு குடுப்பான். இப்ப கம்பெனியே இல்ல. ஓட்டைய மட்டும் ஊரே தெரிஞ்சி வெச்சிருக்கு. அடைக்க ஆளில்ல. அதானே?”

“அதேதாம்மா” என்றார் அப்டேட் சார், கொஞ்சம் பொறாமையோடு. “டீச்சரோட தளமும் அதே வயசுதான். முதல்ல அதுக்குள்ள பூந்து அந்தப் பெட்டிய வெச்சிருக்கான். உங்க வீட்டு உலாவியும் பழசு. எங்கயும் தடுக்க ஆளில்ல.”

“அப்ப எங்க வீட்ல அந்தப் பூட்டையே வெச்சிக்கன்னு எழுதிக் குடுத்தது யாரு?”

அந்த அறையில் எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. நடத்துனர் தலையைக் குனிந்துகொண்டார், அழுத்தியது தான்தானே என்று.

5

இப்போது அந்தப் புன்னகைக்காரனிடம் வருவோம். அவனுக்கு நான் ஒரு கறுப்புச் சட்டை தைத்துக் கொடுத்திருந்தேன், ஒரு துன்பமான இளமைப் பருவமும் கொடுத்திருந்தேன். மூன்று பக்கம். அப்டேட் சாரிடம் படிக்கக் கொடுத்தேன். சிரித்துவிட்டார்.

“உங்க அக்காவ யாரும் குறி வெக்கல சார். ஒரு நிரல எழுதி விட்டுடுவாங்க. அது பாட்டுக்கு உலகத்துல இருக்கற தளத்தையெல்லாம் தட்டிப் பாத்துக்கிட்டே போகும். எது பழசோ அது திறக்கும். உள்ள இருக்கறது வாயா வங்கியான்னு கூட அதுக்குத் தெரியாது.”

ஆகவே அவனை அழித்தேன். கோபப்படுவதற்கு ஒரு முகம் இல்லாமல் போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். அக்காவுக்கு அதைவிட வருத்தம். வில்லன் இருந்திருந்தால் அவள் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அப்டேட் சார் மீதும் எனக்கு ஒரு சந்தேகம். எப்போதும் சரியாகவே சொல்கிற பாத்திரத்தை யார் சகித்துக்கொள்வார்கள்? ஒரு குறையாவது வேண்டுமே என்று தேடினேன். கிடைத்தது, மேசைக்கு அடியில். போன வருடம் அவர் வாயைப் பற்றி எச்சரித்து நான்கு பக்க அறிக்கை கொடுத்திருந்தார். அக்கா முதல் பத்தியைத் தாண்டவில்லை. நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள். அதை உருவி எடுத்துப் படித்தேன். மேசை ஆடியது. எனக்கும் ஒன்றும் புரியவில்லை. காட்டியபோது அவர் காதுமடல் சிவந்தது.

“நானும் மனுஷங்களுக்குப் புரியற மாதிரி சொல்லல” என்றார். அதன்பிறகு அவரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

6

தளத்தை உடனே மூடினார்கள். வாய் போய்விட்டது. ஆனால் மற்ற நாற்பத்து இரண்டு வீடுகளில் பழைய உலாவியும் இளஞ்சிவப்புத் தாளும் அப்படியே இருந்தன. யாராவது சொல்ல வேண்டும்.

மருத்துவமனை மேலாளர், ‘ஒரு தொழில்நுட்பக் கோளாறு என்று செய்தி அனுப்பினால் போதுமே’ என்றார். அக்கா உட்கார்ந்து எழுதினாள். அவள் குப்பைத் தொட்டியிலிருந்து நான் பொறுக்கியவை:

‘தவிர்க்க முடியாத காரணங்களால் வாய்...’

‘எங்கள் தளத்தில் ஏற்பட்ட சிறு...’

‘அன்புள்ள குடும்பத்தினருக்கு, பன்னிரண்டு வருடங்களாக நான் உங்கள்...’

என் வரைவுகளைவிட அவளுடையவை மோசமில்லை. ஆனால் அவள் ஒன்றையும் அனுப்பவில்லை. தொலைபேசியை எடுத்தாள்.

“நான் வாய் டீச்சர் பேசறேன். அந்த ரோஸ் தாள் எழுதிக் குடுத்தேன்ல, அது தப்பு. நான்தான் தப்பா சொல்லிட்டேன். மொதல்ல அதக் கிழிச்சிப் போடுங்க. அப்புறம் நான் சொல்ற மாதிரி செய்ங்க.”

நாற்பத்து இரண்டு முறை இதைச் சொன்னாள். இரண்டு நாள் ஆயிற்று. ஒருவர் கன்னாபின்னாவென்று திட்டினார். ஒருவர் தாளைத் தேடுவதாகப் போய்த் திரும்பி வரவே இல்லை. ஒரு வீட்டில் பெட்டி வந்திருந்தது, ‘பிறகு’ இல்லாததால் பயந்து கணினியையே அணைத்துவிட்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் அழுத்திவிட்டார்கள். அந்த வீட்டுக்கு அக்கா நேரில் போனாள். என்ன பேசினாள் என்று என்னிடம் சொல்லவில்லை. கதைக்குத் தேவை என்று கெஞ்சினேன்.

“போடா. எல்லாத்தையும் எழுதணும்னு ஒண்ணும் இல்ல” என்றாள்.

மூன்றாம் நாள்தான் அழுதாள். திட்டு வாங்கியதற்காக அல்ல. “வாய் இல்லாம இவங்க எப்படிடா பழகுவாங்க? ரெண்டு மாசம் விட்டா பாதிப் பேருக்கு வந்தது கூடப் போயிடும். அண்ணனுக்கு அந்தப் ‘போ’ போயிடும்டா.” கைக்குட்டையைக் கொடுத்தேன். நான் கொடுத்த ஒரே உருப்படியான உதவி அது.

7

இந்த இடத்தில் கதைக்கு ஓர் உதவி வர வேண்டும். தோழி திடீரென்று தோன்றி வாயைப் புதிதாக வரைந்து தருவதாக எழுதினேன். எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. நடந்தது வேறு.

செவ்வாய்க்கிழமை நடத்துனருக்குப் பயிற்சி நேரம். அவரே வர மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறார்; சாவியம்மா இழுத்துக்கொண்டு வந்தார். அக்கா வெறும் திரையின் முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாள். வாய் இல்லை, புதிதாகச் செய்ய நாளாகும் என்றாள்.

“வாய்தானே வேணும்?” என்றார் சாவியம்மா. “என்கிட்ட ஒண்ணு இருக்கே.”

அக்காவின் பயிற்சியாளர் மூளை விழித்துக்கொண்டது. “இல்லக்கா, அந்த வாய்ல உள்ள இருக்கற நாக்கு தெரியும். நிஜ வாய்ல ‘ல’ சொல்லும்போது நாக்கு பல்லுக்குப் பின்னாடி மறைஞ்சிடும். அண்ணனுக்கு அதுதானே தெரியணும்.”

சாவியம்மா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, என்றுமே செய்யாத ஒரு காரியம் செய்தார். வாயை மறைக்காமல் சிரித்தார். மேல் வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. சாவி வெட்டும் இயந்திரத்தின் பிடி தெறித்து உடைந்தது; அதிலிருந்து சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். இப்போது கை மடியிலேயே இருந்தது. “போலாம்” என்றார் மெதுவாக. அந்த இடைவெளியில் நாக்கின் நுனி மேலே ஏறி, தொட்டு, இறங்குவது பளிச்சென்று தெரிந்தது.

அக்கா சாவியம்மாவின் பையிலிருந்த கடை விளக்கைக் கேட்டு வாங்கி வாய்க்கு நேரே பிடித்தாள். கைப்பேசியில் படம் எடுத்தாள். முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, மெதுவாக ஒன்று. நடத்துனர் முதலில் அதைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “சிரிங்க, சிரிங்க” என்றார் சாவியம்மா. “இத்தன வருஷம் நான் பேசறத நீங்க பாத்ததே இல்லல்ல? இனிமே பாத்துத்தான் ஆகணும். வேற வழியில்ல.”

மறுவாரம் அக்கா மறுபடி அந்த நாற்பத்து இரண்டு வீடுகளுக்கும் தொலைபேசினாள். உங்கள் வீட்டு வாயைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றாள். மகள்களின் வாய், தம்பிகளின் வாய், மீசைக்குள் ஒளிந்த ஒரு மாமனாரின் வாய் (மீசையைக் கத்தரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டது). திட்டியவர் வீட்டிலிருந்துதான் முதலில் வந்தது. தாளைத் தேடப் போனவர் கூட அனுப்பினார். அப்டேட் சார் புதிய தளம் கட்டினார். எந்தத் துணையும் இல்லாமல் இன்றைய உலாவி எதிலும் ஓடும் வெறும் வீடியோக்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதிகள் வேறு இடத்தில். புதிய தாளையும் அவரே எழுதினார். ஒரே வரி: ‘புதுப்பிக்கச் சொன்னால் புதுப்பியுங்கள், சந்தேகம் என்றால் எனக்குப் போன் போடுங்கள்.’ கீழே அவர் எண். இந்த முறை எல்லோருக்கும் புரிந்தது. அதனால் அவரால் இப்போது நிம்மதியாகச் சாப்பிடக்கூட முடிவதில்லை.

8

முடிவு.

முதல் முடிவு: பூட்டப்பட்ட அந்த வீடியோவின் பிரதி நடத்துனரின் பழைய ஓட்டுநரிடம் இருக்கிறது. குரல் திரும்பி வருகிறது. எல்லோர் கண்ணிலும்... இதை எழுதினேன், நானே கொஞ்சம் கலங்கினேன், பிறகு அழித்தேன். சாவியம்மா ஓட்டுநரிடம் கேட்டார். அவரிடம் இல்லை. போனது போனதுதான். போகவில்லை, திரும்பி வந்தது என்று நான் எழுதினால் நாளைக்கு நீங்களும் ‘பிறகு’வை அழுத்துவீர்கள்.

இரண்டாம் முடிவு: நடத்துனர் அன்றே அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறார். அதுவும் பொய். பேச்சு அப்படி வராது.

மூன்றாவதை எழுதுவதற்கு முன் நான் ஒரு வேலை செய்தேன். மேலே உள்ள வரிகளையும் என் கோப்புகள் எல்லாவற்றையும் வேறு இடத்தில் பிரதி எடுத்தேன். மூலையில் பெட்டி முளைத்தது. ‘இப்போது மாற்று’வை அழுத்தினேன். கணினி முக்கால் மணிநேரம் தனக்குள் முனகியது. பழைய தட்டச்சு மென்பொருள் போய்விட்டது. இந்தப் பத்தி புதியதில் எழுதுவது. விசைப்பலகையே வேறு. ‘ல’ இருந்த இடத்தில் இப்போது வேறென்னவோ இருக்கிறது. ஒவ்வொரு முறையும் விரல் பழைய இடத்துக்குப் போய், வெட்கப்பட்டுத் திரும்பி, தேடுகிறது. இந்த ஒரு பத்திக்கு அரை மணிநேரம் ஆயிற்று. அக்காவிடம் சொன்னேன். “இப்பத் தெரியுதா அண்ணனோட கஷ்டம்?” என்றாள்.

தெரிகிறது. ஆகவே நேற்று அவரைப் பார்க்கப் போனேன். பயிற்சி அறை. திரையில் சாவியம்மாவின் வாய், பக்கத்து நாற்காலியில் சாவியம்மா. நடத்துனர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். உதடுகளை ஒட்டினார். குவித்தார்.

“போ...”

நாக்கு உள்ளே தேடுவது கன்னத்தில் தெரிந்தது. மேலே ஏறியது. இறங்கியது. சாவியம்மா தன் வாயைக் கொஞ்சம் திறந்து, பல் இல்லாத இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு, அவருக்காகக் காத்திருந்தார். நடத்துனர் அதைப் பார்த்தார். அவர் நாக்கு மறுபடி ஏறியது. இந்த முறை இறங்கவில்லை.

நான் இங்கே நிறுத்துகிறேன். அடுத்த எழுத்தை என் விரல் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. ஆனால் உங்களுக்குப் பழகிய வாய் இருக்கிறது. அவர் நாக்கு நிற்கும் இடத்தில் உங்கள் நாக்கை வையுங்கள், மேலே, பல்லுக்குப் பின்னால். வைத்தாயிற்றா? எல்லோரும் ஏறிவிட்டார்கள். மீதியை அவருக்காக நீங்கள் சத்தமாகச் சொல்லுங்கள்:

போ